ஏழாவது சானல்

நான்கு மணிக்கே வந்துவிட்டேன்.
கம்மனஹள்ளியில் டயர்க்கடைக்கு மேல் மாடி,
முந்நூறு பேர் குதித்தால்
கீழே அடுக்கிய டயர்கள் முனகும் கூடம்.
மிக்சரில் ஒட்டிய வெள்ளை டேப்பில் என் கையெழுத்து:
கிக், ஸ்னேர், டாம், டாம், சிம்பல் இடது, சிம்பல் வலது,
ஏழில் மட்டும் எட்வின்.
மற்றதெல்லாம் கருவியின் பெயர்.
அவனுக்கு மட்டும் ஏன் அப்படி எழுதினேன்
என்று எனக்கே தெரியாது.

டெங்கு. ஒன்பது நாள்.
பிளேட்லெட் பதினோராயிரம் என்று
ரத்தம் கேட்டு அனுப்பிய செய்தியில்
பேஸ் கிட்டாரிஸ்ட் என்று போட்டிருந்தோம்.
யாரோ திருப்பிக் கேட்டார்கள்,
கிட்டார் தெரியும், அதென்ன பேஸ்?

வேறு ஆள் வேண்டாம் என்றான் நயீம்.
லோஹித் தந்திகளைத் தளர்த்தித் தளர்த்திப் பார்த்தான்,
எட்டவில்லை.
இரட்டைப் பெடலில் செராவின் கால்கள்
இருட்டில் ஒரு படி குறைந்ததுபோல்
நாலு தரம் தவறின.
'கீழே ஆள் இல்லை' என்றாள்.

அவன் ஆம்ப்பை மேடையில் வைத்தது
மரியாதைக்காக அல்ல.
பழக்கத்தில் டெம்போவில் ஏற்றிவிட்டோம்.
திருப்பிக் கொண்டுபோக யாருக்கும் முதுகு இல்லை.
லோஹித் பிளக்கைச் செருகினான்,
அதுவும் பழக்கம்.

பிரிசில்லா அக்கா மாரிக்குப்பம் ரயிலில் வந்து
கன்டோன்மென்ட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து
ஆபீஸ் பையோடு என் பக்கத்தில் நின்றாள்,
இரண்டு காதிலும் பஞ்சு.

பகலில் நயீம் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவு.
இரவில் அவன் தொண்டையில்
ஜல்லி லாரி கவிழும்.
கவிழ்ந்தது.
கூட்டத்தின் நடுவில் ஒரு வட்டம் திறந்து
ஆளை ஆள் மோதினார்கள்.
ஒற்றைச் செருப்பு பறந்தது.
விழுந்தவனை நாலு கை தூக்கி
முழங்கை துடைத்துவிட்டு
மறுபடி இடித்தன.
அழுகிறவர்களும் இடித்தார்கள்.
வியர்வையில் எது எது என்று தெரியவில்லை.

ஐந்தாவது பாட்டில் எட்டுச் சுற்று
எட்வின் மட்டும் வாசிப்பான்.
ஒத்திகையில் அதை வெட்டியாயிற்று.
செரா வெட்டவில்லை.
குச்சிகளை மடியில் வைத்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
முந்நூறு பேர் மூச்சு வாங்கும் சத்தம்,
ஃபேன் சத்தம்,
பிறகு என் விரல்
ஏழை மேலே தள்ளியது.

ம்ம்ம்ம்ம்.

பதினோரு வருடம் நான் சண்டை போட்ட இரைச்சல்.
ஒயரை மாற்றுடா, எர்த் சரியில்லை என்பேன்.
அடுத்த ஷோவுக்கு, அண்ணா என்பான்.
ஒவ்வொரு ஷோவுக்கும் ஓர் அடுத்த ஷோ இருந்தது.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
'போன்ல அனுப்புவான். முழுப் பாட்டும் கேப்பேன்.
அவன் எங்க இருக்கான்னு
ஒருநாளும் தெரிஞ்சதில்ல.
இதுதானா?'
அந்தக் கீழ்ச்சத்தம் போன் ஸ்பீக்கரில் வராது.
இதுவோ வெறும் எர்த் கோளாறு.
சொல்ல வாயெடுத்து
ஆமாம் என்றேன்.
அவள் ஒரு காதுப் பஞ்சை
எடுத்தாள்.

எட்டு முடிந்ததும் செரா அடித்த அடியில்
ஸ்னேர் தோல் கிழிந்தது.
மீதி மூன்று பாட்டும் கிழிந்த தோலில்தான்.
விமர்சனம் எழுதுகிறவன் யாராவது வந்திருந்தால்
சுமார் என்று எழுதியிருப்பான்.
சுமார்தான்.

எல்லாம் முடிந்து டெம்போக்காரன்
லிஃப்ட் இல்லை, இருநூறு கூட என்று
பேரம் பேசிக்கொண்டிருந்தான்.
ஆம்ப்பை அணைக்கும் முன் சானலை மூட வேண்டும்,
முதல் பாடம் அது.
மறந்து அணைத்தேன்.
காலிக் கூடத்தின் அடிவயிற்றில்
டம் என்று ஒரே ஒரு தரம்.

பிளாஸ்டிக் கப் பெருக்கிக்கொண்டிருந்த பையன்
நிமிர்ந்து 'யாரு?' என்றான்.
கன்னடத்தில் கேட்டானா தமிழிலா
தெரியவில்லை.
இரண்டிலும் ஒரே சொல்.